மைக்கம்மாவின் மகள்

பஸ் நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்கம்மா, அவ்வளவுதான். பதினோரு வருடமாகக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது புறப்படுகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை வாய் ஓயாது. வீட்டுக்குப் போனால் வாய் திறக்காது. தொண்டை போனால் வேலை போச்சே! வெந்நீரைக் குடித்துவிட்டுச் சைகையிலேயே குடும்பம் நடத்துவாள். "ஊருக்குக் கொட்டுற பேச்சுல கால்வாசி நமக்குக் கொடுக்கக் கூடாதா?" என்று புருஷன் கிண்டல் செய்தால், அதற்கும் ஒரு முறைப்புதான் பதில்.

அவளுக்கு ஒரே பெண் குழந்தை. மூன்று வயதாக இன்னும் இரண்டு மாதம்; ஒரு வார்த்தை பேசவில்லை. பகலில் அதை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். ஒன்பதாம் நடைமேடையில் பத்திரிகைக் கடை வைத்திருப்பவள், விலையைத் தவிர வேறெதுவும் வாய்விட்டுச் சொல்லாத மகராசி.

போன வாரம் சுகாதார நிலைய நர்ஸ் குழந்தையைச் சோதித்துப் பார்த்தாள். "காது நல்லாத்தான் இருக்கு. வீட்ல யாரு பேச்சு கொடுக்கிறீங்க?"

"நாள் பூரா என் குரல்தான் சிஸ்டர் அவ காதுல விழுது. கடைக்கு நேர் மேல ஸ்பீக்கர்."

"விழுந்தா போதுமாம்மா? அது ஆன்னா நீங்க ஊன்னு திருப்பிச் சொல்லணும். அதுலதான் பேச்சு வளரும். இனிமேலும் நாளைக் கடத்தாதீங்க."

மைக்கம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. கேட்கக் கேட்கத்தானே பேச்சு வரும், இவளைவிடப் பேச்சைக் கேட்ட குழந்தை எங்கே இருக்கிறது? நாத்தனாரோ, "பல்லு தன்னால முளைக்கலையா? பேச்சும் அப்படித்தான் அண்ணி" என்று முடித்துவிட்டாள். ஆக, நர்ஸ் சொன்னதை யாரும் செய்யவில்லை. பயம் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

அன்று பதினொன்றரை மணிக்கு நாத்தனார் கண்ணாடிக் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அண்ணி, குட்டியைக் காணோம்! பேப்பர் கட்டைப் பிரிச்சுட்டு நிமிர்ந்தேன், ஆளில்ல. அரை மணியாத் தேடறேன். நம்ம பக்கத்து ஸ்பீக்கர் வேற காலையிலேர்ந்து செத்துக் கிடக்கு."

"அரை மணியா? அடிப்பாவி, இப்பதான் வந்து சொல்றே!"

தொலைந்த குழந்தைகள் எத்தனையை மைக்கம்மா இந்த அறையில் உட்கார்த்தி வைத்து அறிவித்திருக்கிறாள்! அழுதாலும் அதுகள் பெயரைச் சொல்லும், அப்பா பெயரைச் சொல்லும். இவளுடையது என்ன சொல்லும்? யார் தூக்கிக்கொண்டு எந்த வண்டியில் ஏறினாலும், இது என் அம்மா இல்லை என்று சொல்லத் தெரியாதே. அந்த அரை மணியில் ஏழெட்டு வண்டி புறப்பட்டிருக்கிறது. புறப்படச் சொன்னதும் அவள் வாய்தான்.

மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"மூணு வயசுப் பொண்ணு... மஞ்சள் கவுன்..." அப்புறம், இதுவரை நிலையத்தில் யாரிடமும் சொல்லாமல் மறைத்ததை ஊருக்கே சொன்னாள். "பேச வராதுங்க. பேர் கேட்டா சொல்லாது. யாராவது பார்த்தா விட்டுடாதீங்க."

மைக்கைப் பக்கத்தில் இருந்த டைம்கீப்பர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். மஞ்சளாக எதைப் பார்த்தாலும் ஒரு கணம் நின்றாள். ஆறாம் நடைமேடை, ஐந்து, நான்கு. ஒவ்வொரு வண்டியின் ஜன்னலுக்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

இரண்டாம் நடைமேடைத் தூணருகே மஞ்சள் கவுன் நின்றது. தலையை அண்ணாந்து, கையை ஆட்டி, ஸ்பீக்கரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தது. பேசிவிட்டு நிறுத்தும். காத்திருக்கும். மறுபடியும் பேசும்.

"உங்க குழந்தையாம்மா?" என்றாள் பெருக்குகிற பெண். "ரொம்ப நேரமா இங்கதான். நீங்க ஒவ்வொரு வண்டியாச் சொல்லச் சொல்ல, இதுவும் பதில் சொல்லிட்டே நிக்குது. பேச வராதுன்னீங்களே?"

மைக்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் குழந்தை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. திருப்பிச் சொல்லத்தான் ஆளில்லை.

"குட்டி!" என்று கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை. அதற்கு அம்மாவின் குரல் மேலேயிருந்துதான் வரும். மேலேயோ இப்போது டைம்கீப்பரின் கட்டைக் குரல். குழந்தை அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தது.

"ம்மா இல்ல" என்றது.

மைக்கம்மா தரையில் மண்டியிட்டு அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "ஆமாண்டி கண்ணு. அது அம்மா இல்ல. அம்மா இங்க இருக்கேன்."

குழந்தை ஸ்பீக்கரைப் பார்த்தது. அவள் வாயைப் பார்த்தது. பதில் வருமோ வராதோ என்று அவள் காத்திருந்தாள்.