கல் தொட்டியில் கற்றாழை

மலாயாவில், செனாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது, பங்களாவில் பறவைகள் குளிக்க வைத்திருந்த கல் தொட்டியை எங்களுக்குத் தந்துவிட்டுப் போனார். என் மனைவி தினமும் அதில் தண்ணீர் ஊற்றுவாள்.

"நீங்க ஆபீசுக்குப் போயிட்டா, பேச எனக்கு இந்த மைனாங்கதான்" என்பாள்.

மலேரியாவில் அவள் போய்விட்டாள். தேங்கிய தண்ணீரில்தான் கொசு பெருகும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சொன்னதும், எனக்கு அந்தக் கல் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. தானே தேடிக்கொண்டாள் என்று செத்தவள்மேல் ஆத்திரப்பட்டேன். தொட்டியை மண்ணால் நிரப்பிக் கற்றாழை நட்டேன். மைனாக்கள் சில நாள் விளிம்பில் வந்து நின்றன. பிறகு வரவில்லை.

ஒரு வருடம் கழித்து, வாசல் கூட்டும் முனியம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அம்மா தினமும் பழைய தண்ணியக் கொட்டி, தேச்சுக் கழுவிட்டுத்தாங்க ஊத்துவாங்க. அதுல கொசு எப்படிங்க வரும்? நீங்க குளிக்கிற தொட்டியப் பாத்தீங்களா, ஐயா?"

போய்ப் பார்த்தேன். தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. அந்தத் தொட்டியைக் காலி செய்யக் கூடாது, எப்போதும் தளும்ப நிறைந்திருக்க வேண்டும் என்பது என் மனைவிக்கு நான் போட்ட உத்தரவு.

கற்றாழையைப் பிடுங்க மனம் வரவில்லை. பக்கத்தில் ஒரு மண்சட்டி வைத்து, அவளைப் போலவே தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். மைனாக்கள் திரும்பிவிட்டன. அவை பேசத் தொடங்கினால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.