உருண்டை பிடிக்காத முட்டைக்கோஸைப் பார்க்கப் போனேன்

இது சுற்றிப் பார்க்கப் போன பயணமல்ல. போன ஆடியில் இதே வலைப்பூவில், பாபநாசம் சாலையில் ஒரு கடையில் நல்ல உயிர் உரம் கிடைக்கிறது என்று எழுதியிருந்தேன். அதை நம்பி வாங்கிய மும்தாஜ் அக்காவிடமிருந்து தை பிறந்ததும் செய்தி வந்தது: "கோஸ் உருண்டை பிடிக்கல. வந்து பாருங்க." அந்த வெள்ளிக்கிழமையே விடுப்பு எடுத்துக் கிளம்பினேன்.

நெல்லை புதிய பேருந்து நிலையத்தில் காலை 6.20க்கு வண்டி. பத்தமடை வழியாக விக்கிரமசிங்கபுரம் ஏறத்தாழ 48 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம், 45 ரூபாய். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோவில் 80 ரூபாய். "அந்தக் கோஸ் தோட்டமா? வெறும் எலையால்லா நிக்கி," என்றார் ஓட்டுநர். எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

அறுபது சென்ட் குத்தகை நிலம். ரசாயனம் போடாமல் அக்கா பயிர் செய்யும் முதல் வருடம். கணவர் சவுதியில், தம்மாமில் இருக்கிறார்; இந்தப் போகம் தேறாவிட்டால் குத்தகையை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். வரிசை வரிசையாக விரிந்த இலைகள். நடுவில் உருண்டை இல்லை. ஆனால் வடக்கு ஓரத்தில் நான்கு வரிசைகளில் மட்டும் கோஸ் கெட்டியாக, கை கொள்ளாமல் இருந்தது. அதே நாற்று, அதே தொழுவுரம், அதே தண்ணீர். கடையில் வாங்கிய உயிர் உரக் கேன்கள் தீர்ந்துபோனதால், அந்த நாலு வரிசை நாற்றின் வேரை மட்டும், பயிற்சி முகாமில் கொடுத்த அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரப் பொட்டலத்தைக் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் நனைத்து நட்டாராம். அதுவரை அந்தப் பொட்டலத்தைச் சூடு படாமல் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்திருக்கிறார்.

நேரே கடைக்குப் போனோம். தகரக் கூரைக்கடியில், வெயில் விழும் சுவரோரம் கேன்கள். தொட்டால் சுட்டது. உள்ளே இருப்பது உயிருள்ள பாக்டீரியா. இந்தச் சூட்டில் எப்படிப் பிழைக்கும்? லேபிளின் ஓரத்தை நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள். அதிலிருந்த காலாவதித் தேதி போன ஆடிக்கு முன்பே முடிந்திருந்தது.

கடைக்காரர் பதறவில்லை. எல்லாரும் இப்படித்தான் விற்கிறார்கள், உங்கள் மண்தான் சரியில்லை என்றார்.

"அதே மண்ணுலதான் நாலு வரிசை வெளஞ்சு நிக்கி, அண்ணாச்சி. மண்ண ஏன் சொல்லுதீய?" என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. நான்தான் கத்தினேன். பாதிக் கோபம் என்மேல். ஆடியில் அதே கடையில் டீ குடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேன் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

சீல் உடைக்காத ஒரு கேனோடு வேளாண் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். திங்களன்று வந்து பார்த்து விற்பனையை நிறுத்தினார்கள். அதனால் அக்காவின் பயிர் மீண்டுவிடவில்லை. நாலு வரிசையையும் காணொளி அழைப்பில் காட்டி, இன்னொரு போகத்துக்குக் கணவரைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: தேதியைப் பாருங்கள், லேபிளை உரித்தும் பாருங்கள். நிழலில் வைக்காத கடையில் வாங்காதீர்கள். ரசாயன உரத்தோடு கலக்காதீர்கள். என் பழைய பதிவை நீக்கிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை தோட்டத்திலிருந்து புறப்படும்போது விளைந்த வரிசையைப் படமெடுக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். "இது வேண்டாம். வெளையாதத எடுத்துப் போடுங்க. அதுக்குத்தான கூப்பிட்டேன்."

கீழே இருப்பது அந்தப் படம்.