ஒரு பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்

போன வாரம் புது லேப்டாப் ஒன்று வாங்கினேன். விண்டோஸோடு வந்தது. பழக்கதோஷம், பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீலத் திரை ஒன்று வந்து, இந்த டிஸ்க் பூட்டியிருக்கிறது, மீட்புச் சாவியைக் கொடு என்றது. சாவி என்றால் நான்கு இலக்கமா, ஆறு இலக்கமா? ஒரு வரியில் அடங்காத எண். நான் வாங்கிய பெட்டி என்னையே யாரென்று கேட்கிறதே என்ற எரிச்சலில் தர்மபுரியில் வாங்கின கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். "சரி, இத விடுங்க. ரெண்டாவதா ஒரு டிஸ்க் போட்டுக் குடுங்க" என்றேன்.

கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். "எங்கீங்க மேடம் போடறது? எல்லாத்தையும் போர்டோட சேத்து வெச்சுட்டான். எடமே கெடையாது."

எட்டிப் பார்த்தேன். ஒரு துளி தூசி இல்லை. வாசனைகூட இல்லை. கம்ப்யூட்டரின் உள்ளே பார்க்கிறேன் என்ற உணர்வே வரவில்லை. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர்களைத் திறந்தால் சூடான புழுதி வாசம் வரும். பென்னாகரம் ரோட்டில் பஸ் போகும்போதெல்லாம் எழும்பும் செம்மண் அத்தனையும் மின்விசிறி வழியாக உள்ளே போய், மெத்தை மாதிரிப் படிந்திருக்கும். ஒருமுறை பல்லி முட்டை இரண்டு இருந்தது. அதை எடுத்துப் போட்ட என் வீட்டுக்காரர், "இது ரெண்டும் எந்த சிஸ்டத்துல ஓடும்?" என்று கேட்டார். அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை அந்த அளவில்தான் இருந்தது.

கல்யாணமாகி முதல் வருடம் அது. பென்னாகரத்தில் வாடகை வீடு. முன்னறைதான் அவருடைய ஸ்டுடியோ. கல்யாண வீடியோ எடுத்து, எடிட் பண்ணி, சீடி போட்டுத் தருவார். நான் தர்மபுரியில் ஒரு பாலிடெக்னிக்கில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எனக்குக் கொடுத்த பாடம் லினக்ஸ். படிக்கிற காலத்தில் அதைப் பற்றி எழுதிப் பாஸானவள்தான், தொட்டதில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் நின்று முழிக்காமலிருக்க வீட்டில் பழக வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரே கம்ப்யூட்டர். அதில் ஊரார் கல்யாணமெல்லாம் நிரம்பிக் கிடந்தது.

"அதுல கைய வெக்காத" என்று சொல்லிவிட்டார். "வேணும்னா தனியா ஒரு டிஸ்க் வாங்கிப் போட்டுக்க."

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்ற அன்வர் பாய் ஒரு டிஸ்க் எடுத்துக் கொடுத்தார். அதன் முதுகில் அரிசி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி. ஜம்பர் என்று பெயர். அதை எந்தக் கம்பியில் செருகுகிறோமோ அதைப் பொறுத்து டிஸ்க் மாஸ்டராகவோ ஸ்லேவாகவோ ஆகும். "ரெண்டையும் மாஸ்டர்ல வெச்சுடாதம்மா, பெட்டி எழுந்துக்காது. வூட்டுல எப்படியோ அப்படித்தான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து என் டிஸ்க்கைத்தான் ஸ்லேவாக வைத்தேன். அந்த வருத்தம் கொஞ்ச நாள் இருந்தது.

லினக்ஸ் போட்ட ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் தலை வலிக்கிறது. இரண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. எதை அழிக்கட்டும் என்று திரை கேட்கிறது. இரண்டின் பெயருக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டு, "என் கல்யாணத்த அழிச்சிடாத, என் கல்யாணத்த அழிச்சிடாத" என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தார். எந்தக் கல்யாணத்தைச் சொல்கிறார் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன்.

சரியாகத்தான் ஏறியது. அதற்குப் பிறகுதான் தொல்லையே. கம்ப்யூட்டரைப் போட்டதும் லினக்ஸா, விண்டோஸா என்று ஒரு பட்டியல் வரும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அது தானாகவே லினக்ஸுக்குள் போய்விடும். இவர் பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். வந்து பார்த்தால் என் ஊரில் நிற்கும். திரும்ப அணைத்து, திரும்பப் போட்டு, "இது யாரு வூட்டு கம்ப்யூட்டரு?" என்று கத்துவார். போதாக்குறைக்குக் கடிகாரம் வேறு. நான் லினக்ஸில் வேலை செய்துவிட்டு எழுந்தால், விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். பட்டப்பகலில் விடிகாலை என்று காட்டும். ஒருத்தர் மணியை இலண்டன் கணக்கில் வைக்கிறார், மற்றவர் நம் ஊர்க் கணக்கில் படிக்கிறார் என்று நான் விளக்கினால், "முகூர்த்தத்த விட்டுட்டு வந்து நிக்கிறேன் பாரு ஒரு நாளைக்கு, அப்ப சொல்லு இலண்டன் கதய" என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காலையில், அவர் எடிட்டிங்கில் இருக்கையில் கரண்ட் போனது. யூபிஎஸ் செத்து வெகுநாள். கரண்ட் வந்ததும் போட்டால் விண்டோஸ் பாதி எழும்பும், விழும், மறுபடி எழும்பும்.

"உன் லினக்ஸுதான் கடிச்சிருக்கு" என்றார்.

"கரண்ட் போனதுக்கு நான் என்னாங்க பண்ணுவேன்?"

கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து என் டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் ஒற்றை வரி. இப்போது இரண்டுமே இல்லை. "வழி காட்டற போர்டு உங்க டிஸ்க்குல இருக்குது. ரோடு என் டிஸ்க்குல இருக்குது. ரோட்டப் பிடுங்கிட்டா எங்க போகும்?" என்று நானும் கத்தினேன்.

வாசலில் யாரோ செருமினார்கள். கையில் பெரிய பச்சைப் பையுடன் ஒருவர் நின்றார். ஒட்ட வெட்டிய தலை. மாதேஷ் என்று பெயர் சொன்னார். தீர்த்தமலையில் வைத்து நடந்த ரேவதி கல்யாணத்தை எடுத்தவர் என் வீட்டுக்காரர். அந்த ரேவதியின் தம்பி. பட்டாளத்தில் இருந்தார். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. முடிந்தபிறகுதான் கிடைத்தது. அன்று மதியம் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்.

"சீடி ஆயிடுச்சுங்களா? ஊர்ல எல்லாரும் கல்யாணத்தப் பத்தியே பேசறாங்க. நான் மட்டும் பாக்கல."

சீடி ஆகவில்லை. கல்யாணம் மொத்தமும் திறக்காத டிஸ்க்குக்குள் கிடந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் மாதேஷை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். "அக்காவப் போய் பாத்தீங்களா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"அக்கா மாமனார் வூட்டுக்குப் போய் பாத்துட்டுத்தாங்க வந்தேன். ஏண்டா வரலன்னு ஒரு வார்த்த கேக்கல. சிரிச்சிகிட்டே சோறு போட்டுச்சு. கேட்டிருந்தாகூடத் தேவலாம்" என்றார்.

நான் எழுந்து என் டிஸ்க்கின் ஒயரை மறுபடி செருகினேன். பட்டியல் வந்தது. லினக்ஸுக்குள் போய்த் தேடினேன். வீட்டுக்காரருடைய டிஸ்க் அங்கே ஓரமாகத் தெரிந்தது. அழுத்தினேன், திறந்துகொண்டது. தீர்த்தமலை, ரேவதி, எல்லாம் இருந்தன.

"என் டிஸ்க்கு என் வூட்டுல தெறக்கல, உன் வூட்டுல தெறக்குது பாரு" என்றார் வீட்டுக்காரர். அதில் பாதி நிம்மதி, பாதி வயிற்றெரிச்சல்.

எடிட் பண்ணாத படம். தாமரை விரிந்து மாப்பிள்ளை பெண் வருவது, ரோஜா கொட்டுவது, பாட்டு, ஒன்றும் இல்லை. யாருடைய முதுகோ, கோவில் படிக்கட்டோ, "நிமிந்து பாரும்மா" என்கிற வீட்டுக்காரரின் குரலோதான் வந்தது. "இது வெட்டிடுவேங்க, இதுவும் வெட்டிடுவேன்" என்று அவர் கூச்சத்தோடு சொல்லிக்கொண்டே நின்றார். மாதேஷ் அவர் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

பெண்ணுக்கு அலங்காரம் முடிந்த இடம் வந்தது. லைட்டைச் சரிசெய்யக் கேமராவை ஓடவிட்டபடியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் இவர். ரேவதி தனியாக உட்கார்ந்திருந்தாள். நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"டேய் மாதேசா, மாப்பிள்ளத் தோழனா நீதானேடா நிக்கணும்? சித்தப்பன் பையன நிக்க வெக்கறாங்க. எனக்குப் புடிக்கவே இல்ல. போடா, உன் கல்யாணத்துக்கு நானும் வரமாட்டேன்."

மை கலையாமல் கண்ணோரத்தை விரல் நுனியால் ஒற்றினாள். அப்போது சிவப்பு விளக்கைப் பார்த்திருக்க வேண்டும். "ஐயோ, இது ஓடுதுங்களா? அண்ணா, இத அழிச்சிடுங்க. அவன் பாக்கக் கூடாது." படத்துக்கு வெளியிலிருந்து, "சரிம்மா, அழிச்சிடறேன்" என்றது வீட்டுக்காரரின் குரல்.

மாதேஷ் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்புத்தான் என்று முதலில் நினைத்தேன். "இன்னொரு வாட்டி போடுங்க" என்றார். போட்டேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் போட்டேன்.

மாதேஷ் கிளம்பும்போது வீட்டுக்காரர், "வேணும்னா இத மட்டும் தனியா ஒரு சீடில போட்டுத் தரட்டுங்களா?" என்றார்.

அவர் பையைத் தோளில் மாட்டியபடி யோசித்தார். "வேணாங்க. அழிக்கறேன்னு சொல்லியிருக்கீங்க இல்ல, அழிச்சிடுங்க. நான் பாத்தது அக்காவுக்குத் தெரிய வேணாம்."

விண்டோஸை மீட்டெடுக்க வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் பிடித்தது. மீட்டதும் அது செய்த முதல் வேலை என் பட்டியலைத் துடைத்துப் போட்டது. நான் அதை மறுபடி கொண்டுவந்தேன், மறுபடி சண்டை. ரேவதி கல்யாணத்துக்குத் தாமரையும் ரோஜாவும் போட்டுச் சீடி கொடுத்தோம். சொன்னபடியே அவள் பேசின இடத்தை வெட்டிவிட்டார். டிஸ்க்கிலிருந்தும் நீக்கினார். அந்த முன்னறை ஸ்டுடியோ இன்று இல்லை. அன்வர் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. சீடியைப் போட்டுப் பார்க்க ரேவதி வீட்டிலும் இப்போது எதுவும் இருக்காது.

கேமராவின் கேசட்டில் மட்டும் அந்தப் பேச்சு இன்னும் சில நாள் இருந்திருக்கும். அப்போதெல்லாம் ஒரே கேசட்டில் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். அடுத்த முகூர்த்தத்தில், ஏரியூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போன வீட்டுக்காரர் அதைத்தான் எடுத்துப் போனார். ரேவதி பேசின இடத்தில் இப்போது ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும். அதற்கு மேலும் யார் யார் வீட்டு விசேஷங்களோ.