சரஸ்வதிக்கு முன்னால் ஒரு துவக்கு

என் அகதி வழக்கு விசாரணையில், எப்போதாவது துவக்கு, துப்பாக்கி என்று ஏதாவது தூக்கியிருக்கிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை. பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊர்ப்பக்கத்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் 'இல்லை'யை ஆங்கிலத்தில் என்னைவிட உறுதியாகச் சொன்னார். வழக்கு வென்றது. ஆனால் நிரந்தரமாக இருப்பதற்கான பேப்பர் வரவில்லை. இரண்டு வருடமாகத் தபால்பெட்டியைத் திறந்து மூடியதுதான் மிச்சம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பொலிஸ் கார் ஒன்று தூரத்தில் வந்தாலே நான் ரோட்டின் மறுகரைக்குப் போய்விடுவேன்.

அப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளிக்கு அந்த நாட்களில் வாய்த்த ஒரே வெள்ளைக்காரச் சிநேகிதர், துவக்குச் செய்கிறவர்.

மார்க்கம் என்ற ஊரில் பிளாஸ்டிக் மூடி வார்க்கிற தொழிற்சாலை ஒன்றில் நான் மெஷின் ஓட்டினேன். அவர் அங்கே மெக்கானிக், என் வயதுதான். ஒரு திங்கட்கிழமை அவருடைய விரல்கள் மஞ்சளாக இருந்தன. சமையலா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அது மரத்துக்குப் பூசுகிற அமிலம் என்றார். விட்பி என்ற ஊரில் தன் வீட்டுக் கராஜில் ஒரு துவக்குச் செய்கிறாராம். இருநூறு வருடத்துக்கு முந்தியவர்கள் செய்தது போல, நீளக் குழலும், சிக்கிமுக்கிக் கல் இரும்பில் தட்டித் தீப்பொறி விழுகிற பூட்டுமாக. அடுத்த சனிக்கிழமை காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

இரும்புக் குழலை மட்டும்தான் வாங்கியிருந்தார். மற்ற எல்லாம் கைவேலை. மேப்பிள் மரத்தை அரத்தால் ராவி ராவி, தோளில் வைக்கிற பக்கத்தைக் கன்னம் பதிகிற அளவுக்கு வளைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்க, அமிலம் பூசின மரத்துக்குக் கிட்டப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கொண்டுபோனார். வெளிறிக் கிடந்த மரம் சிவந்து, புலித்தோல் மாதிரிக் கோடு கோடாய் எழும்பியது. என்னை அறியாமல் தமிழில் ஏதோ சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் போனேன். எண்ணெயை உள்ளங்கையில் விட்டு மரம் சூடேறும்வரை தேய்க்கிற வேலையை எனக்கும் தந்தார். பழைய முறைத் துவக்கு என்பதால் லைசென்ஸ் தேவையில்லை என்றும் சொன்னார். நான் நம்பினேன். நம்பியும் வீட்டில் மனைவியைத் தவிர ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

இரண்டு பனிக்காலம் எடுத்த வேலை. முடிந்த அன்று அவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாதவர் போல நின்றார். சுடுவதில் அவருக்குப் பெரிய ஆசை இல்லை. அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. நவராத்திரி முடிகிற நேரம் நாங்கள் சரஸ்வதிக்கு முன்னால் புத்தகங்களையும் தொழில் செய்கிற சாமான்களையும் வைத்துக் கும்பிடுவோம், கையால் செய்ததற்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்று அளந்துவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, இதையும் வைக்கலாமா என்றார். வைக்கலாம், தாராளமாக என்றேன்.

பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே துவக்கைக் கம்பளியில் சுற்றி, ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்டின் பதினோராம் மாடிக்குக் கொண்டுவந்து தந்துவிட்டு, பின்னேரம் பூசைக்கு வருகிறேன் என்று போனார். படத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டி விரித்து, பிள்ளைகளின் கொப்பிகள், மனைவியின் தையல் கத்தரிக்கோல், என் ஸ்குரூ டிரைவர்கள் எல்லாவற்றுக்கும் நடுவே அதைக் கிடத்தினோம். பித்தளைப் பாகங்கள் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கின. மனைவி ஒரு செவ்வரத்தம் பூவைத் தேடினாள், கிடைக்கவில்லை, கடையில் வாங்கிய செவ்வந்தியை வைத்தாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது.

பின்னேரம் நாலரைக்குக் கீழ்வாசல் பஸ்ஸர் அடித்தது. அவர்தான் என்று நினைத்து எடுத்தேன். விசாரணை அறையில் கேட்ட அதே கனத்த குரல், தமிழில், நாங்கள் வந்துவிட்டோம் என்றது. மொழிபெயர்ப்பாளரும் மனைவியும். என் மனைவி தமிழ்க் கடையில் அந்த அன்ரியைக் கண்டு, மரியாதைக்குப் பூசைக்கு வரச்சொல்லியிருக்கிறாள். வருவார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

லிஃப்ட் பதினோராம் மாடிக்கு வர இரண்டு நிமிடம். துவக்கே தொட்டதில்லை என்று அவர் வாயால் சொல்லவைத்தவன் வீட்டில், சாமிக்கு முன்னால், அஞ்சடி நீளத்தில் ஒரு துவக்கு. யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னால் என் பேப்பர் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அப்படி ஒரு அதிகாரமும் இல்லை, அப்படிப்பட்ட மனிதரும் இல்லை என்று இப்போது தெரியும். அன்றைக்கு என் கைகளுக்கு அது தெரியவில்லை. கம்பளியில் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். மனைவி பின்னாலேயே வந்து, "அந்த வெள்ளைக்கார மனிசன் வந்தால் என்ன சொல்லப் போறியள்?" என்று கேட்டாள். "வரட்டும், பாப்பம்" என்றேன்.

அரைமணித்தியாலத்தில், பஸ்ஸர் அடிக்காமலே, கதவு தட்டப்பட்டது; கீழ்வாசலில் யாரோ உள்ளே விட்டிருக்கவேண்டும். திறந்தால், கழுத்துப்பட்டி கட்டி, தலையைப் படிய வாரி, கையில் ஒரு பை அப்பிளோடு என் சிநேகிதர் நின்றார். பூசைக்குப் பழம் கொண்டுவரலாம் என்று சொன்னதும் நான்தான். செருப்பு, சப்பாத்து கிடக்கிற இடத்தைப் பார்த்துத் தன் சப்பாத்தையும் கழற்றினார். அவருடைய கண் என் தோளுக்கு மேலால் சரஸ்வதியைத் தேடியது.

சோபாவிலிருந்து மொழிபெயர்ப்பாளர், "ஆர் தம்பி?" என்று கேட்டார்.

வேலையிடத்துச் சிநேகிதர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உட்காரச் சொல்லவேண்டும், உட்கார்ந்தால் துவக்கைக் கேட்பார். "பில்டிங் பாக்கிற சுப்பர் அனுப்பின ஆள் அண்ணை," என்றேன். "குசினியிலை பைப் ஒழுகுது. அதைப் பாக்க வந்திருக்கிறார்."

ஞாயிற்றுக்கிழமை கழுத்துப்பட்டியோடு பைப் பார்க்க யார் வருவார்? அதை மொழிபெயர்ப்பாளர் கவனித்தாரோ தெரியாது. எனக்கு ஆங்கிலம் தடுமாறும் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. உதவி செய்கிற நல்ல மனத்தோடு எழும்பி வந்து, தன் அழகான ஆங்கிலத்தில், குசினிக் குழாய் ஒழுகுகிறதாம், அதைப் பார்க்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்களாம் என்று ஒரு சொல் தவறாமல் என் பொய்யைச் சிநேகிதருக்கு மொழிபெயர்த்தார்.

சிநேகிதர் என்னைப் பார்த்தார். பிறகு வெறுமையாகக் கிடந்த வெள்ளை வேட்டியைப் பார்த்தார். அப்பிள் பையைச் சுவரோரம் வைத்தார். கழுத்துப்பட்டியின் நுனியைச் சட்டைப் பொத்தான்களுக்கு இடையில் செருகிக்கொண்டு, சட்டைக் கைகளை மடித்தபடி குசினிக்குள் போனார்.

அந்தக் குழாய் ஒழுகவில்லை. அவர் அதைத் திறந்தார், மூடினார். முழங்காலில் நின்று கீழ்க் கபேர்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு எதையோ இறுக்கினார். என் மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். நான் ஹோலில், விருந்தினர்களுக்குக் கடலையும் அவலும் நீட்டிக்கொண்டிருந்தேன்.

எழும்பி வந்து மொழிபெயர்ப்பாளரிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பி, "இனிப் பிரச்சினை இல்லையாம், தம்பி," என்றார்.

கதவடியில் மனைவி ஓடிப்போய் ஒரு தட்டு அவல் நீட்டினாள். நின்றபடியே ஒரு பிடி வாயில் போட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். விருந்தினர் போனபிறகு அவள், "ஒரு நல்ல மனிசனை எங்கட குசினியிலை முழங்காலிலை விட்டிட்டியள்" என்று மட்டும் சொன்னாள். நான் பேப்பரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்க நிற்கவில்லை.

அடுத்தநாள் வேலை முடிந்து துவக்கை எடுக்க வந்தார். மேலே வரவில்லை. கீழே காரை நிறுத்திவிட்டு நின்றார். கம்பளிச் சுருளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க இரவெல்லாம் மனப்பாடம் செய்த ஆங்கில வசனத்தை நான் தொடங்கும் முன்பே, அவர் கம்பளியைக் கொஞ்சம் விலக்கி மரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதை அங்கே, சாமிக்கு முன்னால், வைத்தாயா?

வைத்தேன், காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும், பூவும் வைத்தோம் என்றேன். ஒரு எழுத்துப் பொய் இல்லை.

அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். என்னை நம்பவில்லை என்று தெரிந்தது. துவக்கைப் பின் சீட்டில் நீட்டிக் கிடத்திவிட்டு, காரை எடுத்துக்கொண்டு விட்பிக்குப் போய்விட்டார்.