தரைப்பலகைக்கு அடியில் இரண்டு மண்தட்டுகள்

இனாபா என்பது அவள் பெயரே அல்ல. அப்பா இனாபா மாகாணத்தில் ஆளுநர். அரண்மனையில் ஒரு பெண்ணைக் கூப்பிட அது போதாதா? பதினான்கு வயதில் அரசமாதாவின் பணிக்கு வந்தவள், பதினோரு வருஷமாகத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதினாள். யார் என்ன நிறத்தில் உடுத்தி வந்தார்கள், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அதில் ஏறும். அதற்கென்றே ஒரு கிறுக்கல் எழுத்து வைத்திருந்தாள், ஒருவருக்கும் காட்டமாட்டாள். ஆனால் மற்றவர்கள் கையெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆளைச் சொல்லிவிடுவாள். அந்தக் கர்வம் வேறு.

பனி விழுந்த மாதத்தில் ஒரு கனவு கண்டாள். மூன்று வயது இளவரசரின் வண்டி மாடில்லாமல் தானே உருண்டு வாசலைத் தாண்டிப் போனது; அவர் செருப்பு மட்டும் படியில் கிடந்தது. கெட்ட கனவை வாய்விட்டுச் சொல்லவில்லை, சரி. எழுதாமலாவது இருந்தாளா? கை அரித்தது, எழுதிவிட்டாள். பிறகுதான் அந்தத் தாளை ஒழிக்க வழி தேடினாள். கிழிக்கலாமென்றால் அதில் இளவரசரின் பெயர். எரிப்பது அதைவிடக் கேடு. ஈரம் படாதிருக்க இரண்டு மண்தட்டுகளுக்கு நடுவே வைத்து, வாயோடு வாய் சேர்த்துக் கட்டி, தரைப்பலகைக்கு அடியில் புதைத்தாள். செய்வினை வைப்பவர்களும் அப்படித்தான் புதைப்பார்கள் என்பது மண்டையில் உறைக்கவேயில்லை. பாவி!

பிளம் பூத்தபோது இளவரசருக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாளாகியும் இறங்கவில்லை. சோதிடர் வந்து, "தரைக்குக் கீழ என்னமோ இருக்கு, தோண்டுங்க" என்றார்.

நண்பகலுக்குள் தட்டுகள் வெளியே வந்துவிட்டன. அரசமாதா தாளைப் பிரித்தார்.

"நோதோ, இது உன் கோழிக்கிறுக்கல் மாதிரி இருக்கே?"

இனாபாவோடு ஒரே அறையில் படுத்து எழுகிறவள் நோதோ. பயத்திலும் சிரித்தாள். "ஐயோ தாயே, நானா? இனாபாவைக் கேளுங்க. அவ கண்ணு தப்பாது. சொல்லுடி!"

இனாபா தாளை வாங்கினாள். உண்மையைச் சொன்னால் நாடுகடத்தல். கடலுக்கு அப்பால் ஒரு தீவு, சாகும்வரை.

"நோதோவோடதுதான், தாயே."

நோதோ அழக்கூட இல்லை. "ஏண்டி?" என்று மட்டும் கேட்டாள். வண்டியில் ஏற்றும்போதும் திரும்பித் திரும்பி அதையே கேட்டாள்.

இனாபாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. யாரிடம் சொல்வாள்? நாட்குறிப்பை எடுத்தாள். ஒன்றுவிடாமல் எழுதினாள், கனவு தன்னுடையது, கையெழுத்து தன்னுடையது, பொய்யும் தன்னுடையது என்று. எழுதி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. மை காய்ந்ததும் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

மறுநாளும் இளவரசரின் காய்ச்சல் இறங்கவில்லை. சோதிடர் மறுபடி வந்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு தாயே. மண்ணுல இல்ல. இந்தப் பொண்ணுங்களோட பெட்டியை எல்லாம் திறக்கச் சொல்லுங்க."