மூன்றாவது மரத்தின் நெட்டைப் பூ

செய்தி வந்தபோது செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தங்கை பல் துலக்கிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் பேசியவர் ஆராய்ச்சிப் பண்ணையின் காவலாளி.

"அம்மா, உங்க அண்ணன் மரத்தடியில விழுந்து கெடந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க." அதோடு விடாமல், "பன்னெண்டாம் வரிசையில. இந்த நேரத்துல அங்க அவருக்கு என்ன வேலைன்னுதான் தெரியல" என்றார்.

ஏழேகாலுக்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். மாரடைப்பு. ஆனால் தங்கையின் காதில் நின்றது டாக்டர் சொன்னதல்ல, காவலாளி கடைசியாகச் சொன்னதுதான். அழுகை வருவதற்கு முன்பே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிற்பாடு வெகுநாள் அவளை அரித்தது இதுதான்.

அண்ணனும் தங்கையும் ஒரே பண்ணையில் வேலை பார்த்தவர்கள். அங்கே நட்சத்திரப் பழம் ஒன்றுதான் பயிர். குறுக்கே நறுக்கினால் ஐந்து முனை நட்சத்திரமாக விழும் மஞ்சள் பழம். பார்க்க அழகு, ஆனால் தொட்டாற்சிணுங்கி. விளிம்பு லேசாக உரசினாலே பழுப்பேறிவிடும். கப்பலில் இருபது நாள் கிடந்தும் விளிம்பு கறுக்காத பழம் எந்த மரத்தில் காய்க்கும், எத்தனை டிகிரி குளிரில் தாங்கும், எந்த உறை மாட்டினால் பழ ஈ அண்டாது என்று கண்டுபிடிப்பதுதான் பண்ணையின் வேலை. தங்கை அளவு அறையில் இருந்தாள். பழத்தின் சர்க்கரையையும் கெட்டியையும் அளந்து, பக்க எண் அச்சிட்ட பதிவேட்டில் எழுத வேண்டும். அளப்பதோடு சரி, தின்றதில்லை. அவளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. அந்தப் பழம் அவளுக்கு விஷம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணன் தோட்டத்து ஆள். பத்தொன்பது வயதில் பழத்துக்குக் காகித உறை மாட்டும் தினக்கூலியாகச் சேர்ந்து, ஒரு மரத்துக் குச்சியை இன்னொரு மரத்தில் ஒட்டுக்கட்டப் பழகி, முப்பத்து நான்கு வருடத்தில் களப் பணியாளர் ஆனவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கும். அதனால் பண்ணையில் அவர் பெயர் பூதக்கண்ணாடி. எதையும் லேசில் நம்ப மாட்டார். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார்; ஒருநாள் நான்காவது தடவை இழுத்து, கைப்பிடி கையோடு வந்து, குடும்பமே ஒரு மணி நேரம் வெளியே நின்றது. மரங்களில் தொங்கும் பெயர்ச் சீட்டையும் நம்ப மாட்டார். ஒட்டுக்குச்சிகளை வெட்டிக் கட்டும்போது, ஒரே ஒரு குச்சியில் மட்டும் பூங்கொத்தைக் கிள்ளாமல் விட்டுவைப்பார். "சீட்டு மாறிப் போகும். பூ மாறாது" என்பார்.

ஆறு வாரங்களுக்கு முன்பு, பெரிய சாலையோரத்தில் இருந்த தனியார் நாற்றுப் பண்ணை ஒன்றில் 'ஏற்றுமதி ரகம்' என்று பலகை வைத்துக் கன்றுகள் விற்றார்கள். ஆராய்ச்சிப் பண்ணை பத்து வருடம் பாடுபட்டு உருவாக்கி, இன்னும் வெளியே விடாத ரகம் அது. யாரோ ஒட்டுக்குச்சிகளை வெட்டிக் கடத்தியிருக்க வேண்டும். அன்றிலிருந்து பண்ணையில் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பதில்லை. மேற்பார்வையாளர் வாசலில் நின்று பைகளைத் துழாவினார். குளிர் அறைச் சாவியைக் கேட்டால், "எதுக்கு?" என்று கேட்டார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மேற்பார்வையாளர் பொதுவாகக் கேட்டார்: "இருட்டோட யாராச்சும் தோட்டத்துக்கு வந்து போறாங்களா?"

"எங்க அண்ணன்தான்!" என்று தங்கை வாயில் சோற்றோடு சொன்னாள். "கோழிக்கு முன்னாடி எந்திரிச்சுடறாரு. எங்க அண்ணி தினமும் பொலம்பறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை.

விளையாட்டாக விட்ட வார்த்தைதான். ஆனால் விட்டவளையே அது தொற்றிக்கொண்டது. சனிக்கிழமைதோறும் அண்ணன் கனத்த துணிப்பையுடன் அவள் வீட்டைத் தாண்டிப் போவார். ஒருநாள் மறித்துக் கேட்டாள்.

"பையில என்னண்ணே?"

"கழிவுப் பழம். உனக்கு ஆகாது, வழிய விடு."

"பாத்தா என்ன, கண்ணுக்கும் ஆகாதா?"

அவர் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு நடந்துவிட்டார். மடியில் கனமில்லாதவன் ஏன் கை மாற்றுகிறான் என்று அவள் நினைத்தாள்.

மருத்துவமனை வராந்தாவில் மேற்பார்வையாளர் அண்ணனின் சாமான்களைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். ஒட்டுக்கத்தி, ஒட்டைச் சுற்றிக் கட்டும் நாடாச் சுருள், உருப்பெருக்கி, டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸை அவரே திறந்தார். சோறு இல்லை. ஈரத்துணியில் சுற்றிய நான்கு ஒட்டுக்குச்சிகள் இருந்தன.

"இந்த நேரத்துல சொல்லக்கூடாதும்மா. ஆனா வெள்ளிக்கிழமை விசாரணை. இதை நான் மறைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, படம் எடுக்க அலைபேசியைத் தேடினார்.

அவர் குனிந்த அந்த ஒரு நொடியில் தங்கை ஒரு குச்சியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். நான்கு மூன்றானால் திருட்டு குறைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. பூங்கொத்து இருந்த குச்சி அது.

அடக்கம் முடிந்த மறுநாள் மதியம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அண்ணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே? அந்தப் பண்ணையில பொம்பளைங்க யாராச்சும் விடியக் காலையிலயே வருவாங்களா?"

"அண்ணி!"

"இல்லம்மா. அஞ்சு மணிக்குத் தலைய வாரிக்கிட்டுக் கெளம்பினா எவளுக்குத்தான் தோணாது? ஆனா திரும்பி வரும்போது முட்டியெல்லாம் மண்ணு. மண்ணோட வர்ற மனுஷன எப்படிச் சந்தேகப்படறதுன்னு விட்டுட்டேன்."

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மெல்லக் கேட்டாள். "அண்ணி, சனிக்கிழமை ஒரு பை கொண்டு வருவாரே, அது?"

"அந்தக் கண்றாவிய ஏன் கேக்கற! எல்லாம் நட்சத்திரப் பழம். வாயில வச்சா பல்லு கூசும். பித்தளப் பாத்திரம் தேய்க்கத்தான் லாயக்கு. 'கொண்டு வர்றதுதான் வர்றீங்க, நல்லதா நாலு கொண்டாரக்கூடாதா'ன்னு கேட்டேன். 'புளிக்குதா? நெசமாவே புளிக்குதா?'ன்னு அப்படி ஒரு சந்தோஷம் அந்த மனுஷனுக்கு. மூளை கலங்கிப்போச்சோன்னு பயந்துட்டேன்."

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏற்றுமதி ரகம் புளிக்காது. எட்டு வருடமாக அளந்தவள் அவள். பண்ணையில் புளிப்பு மரம் என்று மிச்சம் இருப்பது முதல் வரிசைக்கு அப்பால், வேலியோரத்தில் ஆறு மட்டும்தான். முன்பு வரிசைகளுக்கு நடுவிலும் இருந்தன. வாங்கும் நிறுவனம் ஒரே ரகம், ஒரே நிறம் கேட்டதால், நான்கு வருடம் முன்பு இயக்குநர் அவற்றை வேரோடு எடுக்கச் சொன்னார்.

அந்தக் கூட்டம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அண்ணன் பின்வரிசையிலிருந்து எழுந்து சொன்னார்: "ஐயா, நம்ம ரகத்துப் பூவில நடுவுல நிக்கற சூல்தண்டு குட்டை. புளிப்பு மரத்துப் பூவில நெட்டை. குட்டையும் நெட்டையும் கலந்தாத்தான் தேனீ வந்து காய் பிடிக்கும். குட்டைய மட்டும் வச்சா பூ பூக்கும், அவ்வளவுதான்." இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க உறைய ஒழுங்கா மாட்டுங்க. பூவ நாங்க பாத்துக்கறோம்." அறையே சிரித்தது. தங்கையும் சிரித்தாள்.

அடுத்த வருடம் காய்ப்பு பாதியாக விழுந்தது. இயக்குநர் பூக்களுக்கு ஒரு மருந்தைத் தெளித்துப் பார்த்தார். முதல் வருடம் பலனில்லை. அளவைக் கூட்டினார். இந்த வருடம் காய்ப்பு இரண்டு மடங்கு. மருந்தின் வெற்றி என்று அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் ஏற்றுமதி ஒப்பந்தம்.

தங்கை வீட்டுக்கு ஓடினாள். தம்ளர் தண்ணீரில் போட்டுவைத்திருந்த குச்சியில் பூங்கொத்து இன்னும் வாடவில்லை. ஒரு பூவைப் பிரித்து, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்த அண்ணனின் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். மகரந்தக் காம்புகளைத் தாண்டித் தலையை நீட்டிக்கொண்டிருந்தது சூல்தண்டு. நெட்டை.

அப்படியானால் அவர் வெட்டியது ஏற்றுமதி ரகமே இல்லை. ஆனாலும், சந்தேகப்பட்டுப் பழகிய புத்தி உடனே அடங்கிவிடுமா? புளிப்புக் குச்சியை ஏற்றுமதி ரகம் என்று சொல்லி நாற்றுப் பண்ணைக்காரனை ஏமாற்றி விற்றிருப்பாரோ என்று அதற்கும் ஒரு கதை கட்டியது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் தோட்டத்தில் இருந்தாள். முதல் வரிசையில் பத்து மரங்கள். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். மூன்றாவது மரத்தில், பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத பின்புறத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு கிளை. அடியில் நாடா இறுக்கிய பழைய தழும்பு. கிளை நிறையப் பூ, பூ நிறையத் தேனீ. காய் ஒன்றுகூட இல்லை. கிள்ளிய காம்புகள் மட்டும் இருந்தன. ஒரு பூவைப் பிரித்தாள். நெட்டை. எட்டாவது மரத்திலும் அப்படியே.

இரண்டாம் வரிசையிலும் மூன்றாவது மரம், எட்டாவது மரம். மூன்றாம் வரிசையிலும். பதினோராம் வரிசை முடிக்கும்போது அவள் முட்டியெல்லாம் மண். இயக்குநர் பிடுங்கச் சொன்ன புளிப்பு மரங்களை அண்ணன் கிளை கிளையாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அந்தக் கிளைகளில் காய்த்த புளிப்புப் பழம் ஏற்றுமதிப் பெட்டிக்குப் போய்விடாமல், வாரம் தவறாமல் பறித்துத் துணிப்பையில் சுமந்திருக்கிறார்.

பன்னிரண்டாம் வரிசை மட்டும் வண்டிப்பாதைக்கும் காற்றுத் தடுப்பு மரங்களுக்கும் அந்தப் பக்கம் தனியாக நின்றது. அதற்கும் அதே மருந்து, அதே அளவு. ஆனால் காய் இல்லை. மண் சரியில்லை என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அண்ணன் அதை வேண்டுமென்றே தொடாமல் விட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவர், தன் ஒட்டை மட்டும் சும்மா நம்பிவிடுவாரா? இரண்டு வருடம் ஒப்பிட்டுப் பார்த்து, திருப்தியான பிறகுதான் செவ்வாய்க்கிழமை காலை நான்கு குச்சிகளோடு அங்கே போயிருக்கிறார்.

மேற்பார்வையாளரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் உருப்பெருக்கியை வாங்கி மூன்று வரிசைகளில் பார்த்தார். கடைசியில் பன்னிரண்டாம் வரிசைக்கு வந்து நின்றார்.

"இது திருட்டவிடப் பெரிய வில்லங்கம்மா."

"எப்படி சார்? எங்க அண்ணன் எதையும் எடுக்கல. கொண்டுவந்துதானே வச்சிருக்காரு?"

"ஆராய்ச்சி மரத்துல யாரக் கேட்டுக் கை வச்சாரு? மருந்தாலதான் காய்ச்சுதுன்னு அறிக்கை போயாச்சு. இதச் சொன்னா மருந்தும் போச்சு, ஒப்பந்தமும் போச்சு. ஊரே உங்க அண்ணனத்தான் திட்டும். குச்சி திருடினவர்னா நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க."

"அப்ப திருடன்னே இருந்துட்டுப் போகட்டும்ங்கறீங்க."

"செத்தவருக்கு என்னம்மா, அவருக்குக் காது கேக்கவா போகுது?" குரலைத் தாழ்த்தினார். "வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

அந்தக் கேள்வி வந்த வேகம் அவளை உறுத்தியது. அப்போதுதான் இன்னொன்றும் பட்டது: அண்ணன் இல்லையென்றால் ஏற்றுமதிக் குச்சிகளைக் கடத்தியது யார் என்று இந்த மனிதர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. (அது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.) அவர் பேசிக்கொண்டே அந்த வரிசையின் மூன்றாவது மரத்தின் பக்கம் குனிந்து, அண்ணன் பாதியில் விட்டுத் தொங்கிய நாடாவின் நுனியைப் பிடித்தார்.

"அதத் தொடாதீங்க சார்."

"குப்பையம்மா, அவுத்துடலாம்."

"எங்க அண்ணி வீட்டுல சொல்லியாச்சு. காவலாளிகிட்டயும் சொல்லியாச்சு" என்றாள். இரண்டும் பொய். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

விசாரணை பத்து மணிக்கு. ஒன்பது மணிக்குத் தங்கை அளவு அறையில் பதிவேட்டைத் திறந்தாள். பக்க எண் அச்சிட்ட பதிவேடு, கிழித்தால் தெரிந்துவிடும். அன்றைய தேதியிட்டு, வரிசை வாரியாக, நெட்டைக் கிளை இருக்கும் மரங்களையும் ஒவ்வொரு வரிசையின் காய் எண்ணிக்கையையும் எழுதினாள். 'ஒட்டுக்கட்டியவர்' என்று ஒரு பத்தி போட்டு, அதில் இருபத்திரண்டு தடவை அண்ணனின் பெயரை முழுசாக எழுதினாள். பூதக்கண்ணாடி என்று எழுதவில்லை. எழுதி முடித்து, பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு விசாரணை அறைக்கு நடந்தாள்.

அந்தப் பக்கத்தின் கடைசி வரி இது: பன்னிரண்டாம் வரிசை, மூன்றாவது மரம், பட்டை கீறியிருக்கிறது, நாடா ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது, குச்சி வைக்கவில்லை.