ஸ்வெட்டர் போட்ட மாவு

டிசம்பரில் புனேயில் இட்லி மாவு பொங்காது. திருச்சியில் இருக்கும் என் அக்காவுக்கு இதைப் புரியவைக்கவே முடிந்ததில்லை. "அரைச்சு வச்சா அது பாட்டுக்குப் பொங்கப் போவுது, இதுல என்னடி கஷ்டம்" என்பாள். அவள் ஊரில் மாவு வழிந்து மேடையை நாசம் செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

நகர் ரோடு பக்கம் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் நாங்கள் எல்லோரும் குளிர்காலத்தில் மாவுக்குத் தனி அறை ஒதுக்கியிருந்தோம். சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, உள்ளே ஒரு ஹோல்டர் மாட்டி, குண்டு பல்பைப் போட்டு, பக்கத்தில் மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். இரவு முழுக்க பல்ப் எரியும். காலையில் மாவு மூடியைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு இந்த பல்பைப் பற்றித் தெரியாது. அவள் தூங்கிய பிறகு எரியும். எழுவதற்கு முன் அணைந்துவிடும். நான் ஒளித்து வைக்கவில்லை. அலமாரிக்குள் எரியும் பல்பைக் குழந்தைக்கு எதற்கு அறிமுகம் செய்துவைப்பது என்று விட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அவள் பள்ளிக்குள் கார்பன் ஃபுட்பிரிண்ட் நுழைந்தது. நாம் ஒவ்வொருவரும் எவ்வளவு புகையைக் காற்றில் விடுகிறோம், அதைப் பிள்ளைகள் எப்படிக் குறைக்கலாம் என்று வகுப்பாசிரியை சொல்லிக்கொடுத்தார். மற்ற பிள்ளைகள் படம் வரைந்து மார்க் வாங்கிக்கொண்டார்கள். என் மகள் வீட்டுக்கு வந்து நடவடிக்கை எடுத்தாள்.

முதலில் ஃப்ரிட்ஜை அணைத்தாள். பால் திரிந்தது. அடுத்து இஸ்திரிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். என் கணவர் ஊருக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மெத்தைக்கு அடியில் மடித்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினார். விடியும் முன் பஸ் வரும், லைட்டுக்கோ மகள் தடை என்பதால் பாத்ரூமில் இருட்டிலேயே ஷேவ் செய்யப் பழகினார். ஒரு நாள் பாதி மீசையோடு வந்து என் முன்னால் நின்றார்.

"ஏம்மா, இது சரியா இருக்கா பாரு."

"இல்லைங்க."

"இருக்கட்டும். பஸ்ல எல்லாரும் தூங்கிட்டுதான் வருவாங்க."

கண்டிக்கலாமா, ஊக்குவிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கண்டித்தால் நல்ல காரியத்தில் மனம் விட்டுப்போகுமோ என்று பயம். ஊக்குவித்தால் அடுத்து எதை அணைப்பாளோ என்று பயம். இரண்டுக்கும் நடுவே ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு திங்கட்கிழமை மாலை நெஞ்சில் பச்சைத் துணியில் வெட்டிய இலை ஒன்றைக் குத்திக்கொண்டு வந்தாள். அவள் வகுப்பின் பசுமைத் தலைவியாம். கரண்ட் இல்லாமல் நடக்கும் ஒரு வேலையைச் சொல்லச் சொல்லி மிஸ் கேட்டிருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. இவள் எழுந்து, "எங்க வீட்டுல இட்லி மாவு கரண்ட் இல்லாமலே தானா பொங்கும்" என்று சொல்லிவிட்டாள். மிஸ்ஸுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஞாயிறு காலை வகுப்பிலிருந்து சில பிள்ளைகளோடு வந்து பார்க்கிறேன் என்றாராம். பார்த்துச் சரியாக இருந்தால் இலை வருஷம் முழுக்க இவளுக்கே. இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என்னை உலுக்கியது வேறு. இந்தப் பெண் இட்லியை டிபன் டப்பாவில் எடுத்துப்போக மறுத்தவள். நான் வைத்தனுப்பினால் அப்படியே திரும்பி வரும். பிள்ளைகள் 'ஏய் இட்லி' என்று கூப்பிடுகிறார்களாம். வகுப்பில் தமிழ் வாசனையே வராமல் பார்த்துக்கொண்டவள், முதல் முறையாக எழுந்து நின்று எங்கள் வீட்டு மாவைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறாள். அந்தப் பேச்சு பொய்.

அலமாரியைத் திறந்து பல்பைக் காட்டினேன்.

"அம்மா, நான் மிஸ்ஸுக்கு சொல்லிட்டேனே. சப்கே சாம்னே, எல்லார் முன்னாலயும்."

"கோடைகாலத்துல தானாத்தான்டா பொங்கும். இப்பதான் குளிரு."

"எல்லாரும் ஜூட்டின்னு சொல்வாங்க. இட்லி ஜூட்டி."

ஜூட்டி என்றால் பொய் சொல்பவள். ஏற்கெனவே இட்லி, இனி இட்லி ஜூட்டி. "பல்ப் இல்லாமலே பொங்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

"கிரைண்டர் கரண்டுதானே?" என்று நடுவில் கேட்டார் கணவர்.

"அரைக்குறது வேற, பொங்குறது வேற அப்பா" என்றாள் அவள். "நான் பொங்குறது மட்டும்தான் சொன்னேன்."

"இவளை வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம்" என்றார் அவர்.

வழக்கமாகச் சனி இரவு அரைப்பேன். இந்த முறை காலையிலேயே அரைத்துவிட்டேன். பகல் வெயில் முழுவதையும் மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. ஆனால் எங்கள் பால்கனியில் வெயில் வருவது கொஞ்ச நேரம்தான். கீழே காம்பவுண்டில்தான் நாள் முழுக்க இடம் மாற்றி மாற்றி அடிக்கும். வெயில் போகும் இடமெல்லாம் அவ்வளவு பெரிய பாத்திரத்தை யார் தூக்கிக்கொண்டு அலைவது? அப்போதுதான் பரண் மேல் கிடந்த தள்ளுவண்டி ஞாபகம் வந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது.

பாத்திரத்தை அதற்குள் உட்கார வைத்தோம். காற்றுப் படாமலிருக்க மகளின் பழைய ஸ்வெட்டரைச் சுற்றினேன். மூடி வழியாகச் சூடு போய்விடுமே என்று தோன்றியது. மகள் ஓடிப்போய்த் தன் குரங்குக் குல்லாவைக் கொண்டுவந்து மூடியின் மேல் மாட்டினாள். கழுத்துப் பக்கம் இடைவெளி இருக்கிறதோ என்று ஒரு மஃப்ளரும் சுற்றினேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இத்தனை யோசித்தேனா என்று சந்தேகமாக இருந்தது.

காம்பவுண்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெயிலின் பின்னால் போனோம். நிழல் வந்தால் நகர்த்துவோம். மகள் முன்னால் போய், "இங்க வெயில் இருக்கும்மா, சீக்கிரம்" என்று கூப்பிடுவாள். மேடு பள்ளத்தில் குலுங்கினால் மாவு அமுங்கிவிடுமோ என்று அடிமேல் அடி வைத்துத் தள்ளினேன்.

தரைத்தளத்தில் ஒரு மராட்டிய அம்மாள் இருந்தார். கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் காக்கு, அதாவது சித்தி. கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அக்க பாயீ" என்று மராத்தியில் வியந்தார். "எப்போ பிறந்தது? ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ?"

என் மராத்தி அவசரத்துக்கு உதவாது. "காலையில்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"காலையில் பெற்றுவிட்டு நீ வெயிலில் நடந்துகொண்டிருக்கிறாயா?"

அவர் குனிந்து குல்லாவை விலக்கினார். மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் மராத்தியில் மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். காக்கு சிரிக்கவில்லை. ரொம்பக் கவனமாகக் கேட்டுவிட்டு உள்ளே போனார், மைச்சிமிழோடு வந்தார்.

"காலையிலிருந்து எத்தனை பேர் பார்த்தார்களோ. கண் பட்டால் எப்படிப் பொங்கும்?" என்று பாத்திரத்தின் கன்னத்தில், அதாவது கன்னம் இருக்க வேண்டிய இடத்தில், கறுப்புப் பொட்டு ஒன்று வைத்தார்.

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் நான். அந்தப் பொட்டு அழியாமல் ஸ்வெட்டரை இழுத்துவிட்டேன்.

மாலை வெயில் இறங்கியபோது மூடியைத் திறந்து பார்த்தோம். மாவு காலையில் இருந்த அதே கோட்டில் இருந்தது. மேலே ஒரு குமிழிகூட இல்லை. என்ன செய்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்பதுபோல் படுத்துக் கிடந்தது.

வீட்டுக்குள் வந்ததும் மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, பல்ப் போட்டுடலாம். தோடாஸா, கொஞ்சமே கொஞ்சம்."

"மாட்டேன்" என்றேன்.

அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே திகைப்பு. நாள் முழுக்கத் தள்ளியதில் எனக்கு வீம்பு ஏறியிருந்தது. "நீதானே சொன்னே, தானா பொங்கும்னு. பொங்கட்டும்."

"பொங்கலியே. மிஸ் வந்தா நான் என்ன சொல்றது?"

"அடுப்புப் பக்கத்துல வச்சுப் பார்ப்போம். கம்பளி போத்துவோம்."

"அம்மா, ப்ளீஸ். நீ ஏன் இப்படி பண்ற? இது மாவுதானே."

அழ ஆரம்பித்துவிட்டாள். பூமியைக் காப்பாற்ற ஃப்ரிட்ஜை அணைத்தவள் பல்புக்காக அழுகிறாள். ராத்திரி முழுக்க பல்ப் எரித்தவள் கூடாது என்று நிற்கிறேன். எங்களில் யார் யார் என்றே குழம்பிவிட்டது. கடைசியில் மனம் கேட்கவில்லை. பாத்திரத்தை அலமாரிக்குள் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். மஞ்சள் வெளிச்சம் குல்லாவின் மேல் விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று பல்ப் அணைந்துவிட்டது. வீடு முழுக்க இருட்டு. அந்த வருஷங்களில் லோட்ஷெட்டிங் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

"நாம பல்ப் போட்டதுனாலயா போச்சு?" என்று இருட்டில் கேட்டாள்.

"இல்லடா."

"நிஜமா?"

எனக்கும் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்த கணவர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எங்கள் இருவர் முகத்தையும், நடுவில் குல்லா போட்ட பாத்திரத்தையும் பார்த்தார். சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து, "குடு இங்க" என்று பாத்திரத்தை மடியில் வாங்கிக்கொண்டார். போர்வையை இழுத்து இருவருக்குமாகப் போர்த்திக்கொண்டார். "நாள் பூரா ஃபர்னஸ் பக்கத்துல நிக்கிறவன். என் உடம்புல இருக்குற சூடு போதும்." அப்படியே தூங்கியும் போனார்.

காலையில் திறந்தால் மாவு பொங்கியிருந்தது. வழக்கம்போல் மூடியைத் தூக்கவில்லை. பாத்திரத்தின் முக்கால் அளவுக்கு வந்து, அங்கங்கே குமிழியோடு, போதுமா என்று கேட்பதுபோல் நின்றது. வெயிலா, கணவரா, பொட்டா, அல்லது கொஞ்ச நேரம் எரிந்த பல்பா என்று தெரியாது.

எட்டு மணியிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு கார் கொண்டுவந்து இறக்கியது. சில அப்பாக்கள், எப்படியும் கொஞ்ச நேரம்தானே என்று இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். காம்பவுண்டே புகையாக இருந்தது.

"யார் வீட்டுல கல்யாணம்னு வாட்ச்மேன் கேக்குறான்" என்றார் கணவர். "மாவுக்குன்னு எப்படிச் சொல்றது?"

இட்லியைப் பஞ்சு என்று சொல்ல மாட்டேன். கல் என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகள் சர்க்கரை தொட்டும், சாஸ் தொட்டும் சாப்பிட்டார்கள். தேங்காய்ச் சட்னியை எதில் அரைத்தேன் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை. மிஸ் மிச்ச மாவைக் கரண்டியால் கிளறிப் பார்த்து, "இவ்வளவு குளிரிலும் தானாகவா?" என்று வியந்தார். மகள் தலையாட்டப் போனாள்.

அப்போது ஒரு பையன் சமையலறை அலமாரியைத் திறந்துவிட்டான். பையன்கள் எதையாவது திறப்பார்கள். நான் யோசித்திருக்க வேண்டும். "மிஸ், இங்கே உள்ளே பல்ப் இருக்கு" என்று ஸ்விட்சையும் போட்டான். அன்றைக்குப் பார்த்து கரண்ட் இருந்தது.

எல்லோரும் பல்பைப் பார்த்தார்கள். பிறகு என் மகளைப் பார்த்தார்கள். துணிமணி தேட என்று சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அரிசி டப்பா வைக்கும் தட்டில் என்ன துணிமணி என்றும் தோன்றியது. மகள் என்னிடம் திரும்பினாள். வெளியாட்கள் முன்னால் என்னிடம் தமிழில் பேசாதவள்.

"அம்மா, சொல்லிடவா?"

"சொல்லும்மா."

இந்தியில் சொன்னாள். குளிர்காலத்தில் தினமும் பல்ப்தான் என்று சொன்னாள். தள்ளுவண்டியைச் சொன்னாள், மைப்பொட்டைச் சொன்னாள், அப்பாவின் மடியைச் சொன்னாள். நேற்றுக்கூட பயந்து பல்ப் போட்டோம், கரண்ட் போய்விட்டது என்பதையும் விடவில்லை. சொல்லி முடித்து, இலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

யாரும் ஜூட்டி என்று சொல்லவில்லை. ஒரு சிறுமி, "எங்க வீட்டுல மீனுக்கு ஹீட்டர் இருக்கு" என்றாள்.

"எங்க நாய்க்கு ஏசி. நாங்க வெளியே போனாலும் ஓடும்."

"எங்க சாமிக்கு ராத்திரி பூரா கலர் லைட் எரியும். சாமி தூங்குறாரான்னே தெரியல."

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, இட்லித் தட்டோடு, அவரவர் வீட்டை மாட்டிவிட்டார்கள். அலமாரியைத் திறந்த பையன், "மிஸ், உங்க கார் கீழே ஏசி போட்டு நிக்குது, டிரைவர் உள்ளே தூங்குறார்" என்றான். மிஸ் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். கையை ஆட்டிக் கூப்பிட்டார். டிரைவர் எழவில்லை. மிஸ் வந்து உட்கார்ந்து, என் மகள் கையிலிருந்த இலையை வாங்கி, அவளுக்கே குத்திவிட்டு, இன்னொரு இட்லி கேட்டார்.

கிளம்பும்போது பிள்ளைகள் தள்ளுவண்டியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். காம்பவுண்டில் ஆளுக்கொரு முறை காலி வண்டியைத் தள்ளினார்கள். கார்கள் காத்திருந்தன.

திங்கட்கிழமை டிபனுக்கு பிரெட் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "சும்மா கேட்டேன். என்ன வச்சாலும் சரி" என்றாள். நான் என்ன வைக்கலாம் என்று ரொம்ப நேரம் யோசித்து இரண்டையும் வைத்தேன். சாயங்காலம் டப்பாவில் பிரெட் இருந்தது. இட்லியைச் சாப்பிட்டது அவளா, வேறு யாராவதா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் காலையிலேயே மாவை அரைத்துவிட்டு அலமாரியின் முன் நின்றேன். பல்பைப் போடலாமா, வேண்டாமா. மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"போட்டுக்கோ" என்றாள். "ஆனா வெயில் போன அப்புறம் போடு." பரண் மேல் ஏற்றாமல் மூலையிலேயே நிறுத்தியிருந்த வண்டியை இழுத்து வந்தாள். குல்லாவைத் தேடி எடுத்தாள்.

கீழே இறங்கியபோது காக்கு மைச்சிமிழோடு வாசலில் காத்திருந்தார்.